மாமனார் பிழிந்த துணிகள்

மெஷின் துணியைத் துவைத்தது, அலசியது, தண்ணீரையும் வெளியே தள்ளியது. அடுத்து சுற்றிப் பிழிய வேண்டிய நேரத்தில் மட்டும் 'பீப்' என்று முனகிவிட்டு அப்படியே நின்றது.

"பாத்தியா, நின்னுடுச்சு!" என்றார் மாப்பிள்ளை, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவர் போல.

"ஒரு மாசமா அப்படித்தாங்க நிக்குது. நீங்க இன்னிக்குத்தான் பாக்கறீங்க" என்றாள் மனைவி.

உண்மைதான். மாப்பிள்ளைக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். விடிந்ததும் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். முன்பெல்லாம் பகலில் கண்ணை மூடவே முடியாமல், ராத்திரி தூங்கி வழிந்தபடி வேலை பார்த்தவர். ஒருமுறை உப்பு பிஸ்கட் மாவில் சர்க்கரையைக் கொட்டி, மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு, போன மாதம்தான், ஒரு புதுத் தலையணை வாங்கினார். அவ்வளவுதான், அன்றிலிருந்து அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம்.

"எல்லாம் தலையணையில இருக்கு" என்று சொல்லிச் சொல்லி, ஷிப்டில் இருந்த அத்தனை பேரையும் அதே தலையணையை வாங்க வைத்துவிட்டார். வாங்கியவர்கள் என்னவோ இன்னும் கொட்டாவிதான் விட்டார்கள். அவர்களுக்குப் படுக்கத் தெரியவில்லை என்று மாப்பிள்ளை முடிவு கட்டிவிட்டார்.

மெஷின் சுற்றாத விஷயம் அவருக்குத் தெரிந்ததே வியாழக்கிழமைதான். கொஞ்சம் முன்னதாக விழித்து பால்கனிப் பக்கம் போனால், மாமனார் ஈரப் போர்வையின் ஒரு முனையைக் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கிக்கொண்டிருந்தார்.

மனைவி காலையிலேயே மருந்துக் கடை வேலைக்குப் போய்விடுவாள். மாமனார் இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் மாப்பிள்ளை சூடாகச் சாப்பிடுகிறார், தேய்த்த சட்டை போடுகிறார். சொந்த அப்பா இருந்தால்கூட இவ்வளவு பார்த்திருப்பாரா என்று பலமுறை நினைத்ததுண்டு. ஆனால் வாய்விட்டுச் சொன்னதில்லை. மாமனாரோ பேச்சில் மகா சிக்கனம். மாப்பிள்ளை எழுந்து வந்ததும், "தூக்கம் வந்துச்சா?" என்பார். மாப்பிள்ளை தலையணையின் பெருமையை விலாவாரியாகச் சொல்வார். "ம்" என்று கேட்டுக்கொள்வார். அன்றைய பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இது போதாதென்று, மனைவி இந்தத் துணி விவகாரத்தை அண்ணனிடம் உளறிவிட்டாள். மச்சான் போனிலேயே குதித்தார்.

"எங்க அப்பாவைத் துணி பிழிய வெச்சிருக்கீங்களா? நாளான்னைக்கு வர்றேன். அப்பாவை எங்கூடவே கூட்டிட்டுப் போயிடறேன்!"

அந்த 'நாளான்னைக்கு' இப்போது 'நாளைக்கு' ஆகிவிட்டிருந்தது. இன்று சனிக்கிழமை, மாப்பிள்ளைக்கு விடுமுறை. மச்சான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே மெஷின் சுழன்றுகொண்டிருக்க வேண்டும் என்று சட்டைக் கையை மடித்துவிட்டு இறங்கிவிட்டார்.

"விடுங்க மாப்பிள்ளை. போய்ப் படுங்க" என்றார் மாமனார், கதவோரம் நின்றபடி.

"மெக்கானிக்கைக் கூப்பிடலாமேப்பா" என்றாள் மனைவி.

"அதெல்லாம் வேண்டாம். பிழியறது கைக்கு நல்லது."

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. தன்னால் ஒரு மெஷினைக்கூடச் சரிசெய்ய முடியாது என்று மனுஷர் நினைக்கிறார் போலிருக்கிறது. போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பிடித்தார். 'துணி அதிகமானால் சுற்றாது' என்றது வீடியோ. பாதித் துணியை அள்ளி வெளியே போட்டார். அது சொட்டச் சொட்ட, கூடத்தில் குளம் கட்டியது. மெஷின் அசையவில்லை.

'மெஷின் சமமாக நிற்க வேண்டும்' என்றது அடுத்த வீடியோ. அட்டையை மடித்து ஒரு காலுக்கு அடியில் செருகினார். எதிர்க்கால் தூக்கியது. அதற்கும் ஒரு அட்டை. அதுவரை சும்மா நின்ற மெஷின், இப்போது துவைக்கும்போதே படுக்கையறைச் சுவரில் தடால் தடால் என்று மோத ஆரம்பித்தது.

"அய்யய்யோ, சுவரு!" என்று மாமனார் பதறிக்கொண்டு ஓடிவந்து மெஷினைக் கட்டிப் பிடித்தார். அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை.

வாசலில் மணி அடித்தது. கீழ்வீட்டுப் பெண், தோளில் குழந்தையோடு.

"என்னங்க இது, தலைக்கு மேல யாரோ குதிக்கற மாதிரி இருக்கு? ராத்திரி மெஷின் போடாதீங்கன்னு கேட்டேன், சரின்னீங்க. இப்ப பகல்லயுமா?"

"மன்னிச்சுக்கோங்க. இதோ, சரியாயிடும்" என்றார் மாப்பிள்ளை.

"ஒரு மாசமா நிம்மதியா இருந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாவது வீடியோ, 'தண்ணீர் போகும் குழாயில் அடைப்பு இருக்கிறதா பாருங்கள்' என்றது. மாப்பிள்ளை பார்த்தார். முதலில் மெஷினில் உள்ள தண்ணீரைக் காலி செய்ய வேண்டும் என்று சொன்ன இடத்தை மட்டும் அவசரத்தில் தள்ளிவிட்டுப் பார்த்தார். குழாயை இழுத்ததுதான் தாமதம், மெஷின் வயிற்றில் இருந்த அத்தனை சோப்புத் தண்ணீரும் கூடத்துக்குள் பாய்ந்தது.

"அந்தப் பக்கம் போகுது! ரூமுக்குள்ள போகுது!" என்று மனைவி அலறினாள்.

"எதையாவது போட்டு அடை!"

கைக்கு அகப்பட்டதை எடுத்துவந்து படுக்கையறை வாசலில் அழுத்தி வைத்தாள். தண்ணீர் நின்றது.

"அடியேய்... அது என் தலையணைடி!"

"எதையாவதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

தலையணை ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பிக் கிடந்தது. மாமனார் அதை எடுத்துப் போய், பால்கனியில் போர்வையைப் பிழிவது போலவே பதமாகப் பிழிந்து கம்பியில் தொங்கவிட்டார். அதைப் பார்த்ததும் மாப்பிள்ளை தன்னையே நொந்துகொண்டார். நம்மால் இவருக்கு இன்னும் ஒரு உருப்படி கூடியதுதான் மிச்சம்.

மிச்சமிருந்தது ஒரே வழி. 'பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.' ஈரக் கையோடு பிளக்கைத் தொடப் போனவரை மாமனார் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இழுத்த வேகத்தில் மாப்பிள்ளை சோப்புத் தண்ணீரில் வழுக்கி, மாமனாரையும் சேர்த்துக்கொண்டு, பிழியாத துணிக் குவியலின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.



"போதும். நான் மெக்கானிக்கைக் கூப்பிடறேன்" என்றாள் மனைவி. "இங்க பக்கவாட்டுல ஏதோ நம்பர் ஒட்டியிருக்கே. புதுசாட்டம் இருக்கு. இது எப்போ ஒட்டினதுப்பா?"

மாமனார் கவனமாகக் கூரையைப் பார்த்தார்.

மனைவி போன் செய்தாள். "மாடி வீடு... ஆமாங்க, மூணாவது மாடி. வழி சொல்லவா? ஓ, தெரியுமா? சரி, வாங்க."

மெக்கானிக் வருவதற்குள் மூவரும் கூடத்தைத் துடைத்து முடித்தார்கள். துடைப்பத்தைப் பிடித்திருந்த மாமனாரின் விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. மாப்பிள்ளை அதற்கு மேல் அடக்கிக்கொள்ள முடியாமல் போட்டு உடைத்தார்.

"மாமா, நீங்க எனக்குச் செஞ்சதுக்கு நான் ஒரு வார்த்தை நன்றின்னு சொன்னதில்ல. இதையாவது சரி பண்ணிக் குடுக்கலாம்னு பாத்தேன். இதால நீங்க மச்சான்கூடப் போயிடக் கூடாது. நீங்க இல்லாம இந்த வீடு ஓடாது மாமா. நான் ஓட மாட்டேன்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

மாமனார் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தார். "யாரு போறா? வரலைன்னு அவன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். நாளைக்கு வந்தா சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஈரக் கையாலேயே மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். மாமனாரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அப்புறம் ஏன் மாமா மெக்கானிக்கே வேண்டாம்னீங்க? இப்படிக் கை ஊறப் பிழிஞ்சுக்கிட்டு?"

மாமனார் வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் வந்து நின்றார். எதற்கோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி நடந்து உள்ளே வந்தார்.

"எங்க பழுது?" என்று கிசுகிசுத்தார்.

"ஏன் ரகசியம் பேசறீங்க?" என்றாள் மனைவி. "சத்தமாவே பேசுங்க. மெஷின் சுத்தல."

மெக்கானிக் அவளை விநோதமாகப் பார்த்தார். மெஷினின் மேல் தகட்டைக் கழற்றி உள்ளே கை விட்டார். தேடவே இல்லை, நேராகப் போய் ஒரு வயரை எடுத்தார். அது அறுந்திருக்கவில்லை, கருகியிருக்கவில்லை. அழகாக டேப் சுற்றி ஓரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"மூடி சாத்தியிருக்குன்னு மெஷினுக்குச் சொல்ற வயர் இது. இது இல்லேன்னா துவைக்கும், சுத்தாது" என்றார்.

"இதை யாரு கழட்டினா?" என்றார் மாப்பிள்ளை.

மெக்கானிக் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். பால்கனியில் சொட்டிக்கொண்டிருந்த தலையணையைப் பார்த்தார். கடைசியில் மாமனார் பக்கம் திரும்பினார்.

"ஏன் பெரியவரே, இது சுத்துனா சுவரு அதிருது, உள்ள புள்ள தூங்க முடியல, இனிமே இது சுத்தவே கூடாதுன்னு சொல்லி என்னை வயரைக் கழட்ட வெச்சீங்களே, அந்தப் புள்ள இவருதானா?"