பொருத்தனைக் கிடா

“கொலை செய்யாதிருப்பாயாக,” என்றாள் ஜெபகனி, புளியைக் கரைத்துக்கொண்டே.

அவள் கணவர் பாக்கியசீலன் அப்படி என்ன பெரிதாகச் சொல்லிவிட்டார்? அசனத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது, கிடாய்க்குப் பிண்ணாக்கைக் கொஞ்சம் கூட்டிப் போடு என்றார். பாளையங்கோட்டையில் அவர்கள் சபையில் பண்டிகையின் கடைசி நாளன்று ஊரே பந்தியில் உட்கார்ந்து, சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஒரு பிடி பிடிக்கும். அதற்குப் பெயர்தான் அசனம்.

“ஏட்டி, அது மனுசனைக் கொல்லக் கூடாதுன்னு சொன்னது. ஆட்டுக்கு இல்ல.”

“அப்படின்னு எங்கன எழுதியிருக்கு?”

“வேதத்துலதான்.”

“எந்தப் புஸ்தகத்துல?”

பாக்கியசீலன் தொண்டையைச் செருமினார். பதினெட்டு வருடமாக ஞாயிறுதோறும் வேதாகமத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆலயத்துக்குப் போகிறவர்தான். போன வாக்கிலேயே திரும்பக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிடுவார். திறந்து பார்த்த பழக்கம் கிடையாது.

விஷயம் இதுதான். போன வருடம் மஞ்சள் காமாலையில் ஆள் பிழைப்பதே கஷ்டம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆனாலும் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த அன்று ஜெபகனி, “உங்களுக்காக ஒரு பொருத்தனை பண்ணியிருக்கேன்,” என்றாள். கர்த்தருக்கு நேர்ந்துகொள்வதைத்தான் சபையில் அப்படிச் சொல்வார்கள். முற்றத்தில் ஓர் ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது. இரண்டையும் கூட்டிப் பார்க்க ஒரு குமாஸ்தாவுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? அடுத்த வாரமே அசனக் கமிட்டியில் எழுந்து நின்று, “எங்க வீட்டுப் பொருத்தனைக் கிடா ஒண்ணு,” என்று அறிவித்துவிட்டார். நோட்டீஸில் பெயரும் அச்சாகிவிட்டது. ஜெபகனி அதை வாசித்தாள். நாலாக மடித்து அலமாரியில் வைத்தாள்.

இப்போது போய் இப்படி ஒரு குண்டைப் போடுகிறாள். நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் காமாலை திரும்பிவிடாதா? அன்று முதல் தினமும் விடிந்ததும் கண்ணாடி முன் நின்று, இமையைப் பிதுக்கிக் கண்ணில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். சாகிற பயம் பொல்லாதது. ஒரு வசனம் கிடைத்தால் போதும், இவள் வாயை அடைத்துவிடலாம் என்று முற்றத்தில் நாற்காலியைப் போட்டு, வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தைத் திறந்தார்.

மூன்றாம் நாளே துள்ளிக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினார்.

“நோவாவுக்கு எல்லாப் பிராணியையும் சாப்பிடக் கொடுத்திருக்கு, பாரு!”

“ஆதாமுக்கு என்னத்தைக் கொடுத்துச்சாம்? விதையும் பழமும்தான? ஆபிரகாம் மகனை வெட்டக் கத்தியைத் தூக்கும்போது, ‘வேண்டாம்’னு சத்தம் வந்துதா, இல்லையா?”

“மகனுக்குப் பதிலா ஒரு கிடாயைத்தானட்டி வெட்டினாரு!”

ஜெபகனி அடுப்பைத் தணித்தாள். “அது புதர்ல மாட்டுன கிடா. இது முத்தத்துல வளந்த கிடா. இன்னும் கொஞ்சம் தள்ளி வாசிங்க.”

தள்ளி வாசித்தார். அங்கே குழப்பம் கூடியது. ஒரு மலையில் கொல்லாதே என்கிற கட்டளை, அடுத்தடுத்த புத்தகங்களில் ஊர் ஊராக வெட்டு. ஆனாலும் சவுல் ராஜாவின் கதை வந்தபோது விடவில்லை.

“ஆட்டையும் மாட்டையும்கூட விடாம வெட்டச் சொல்லியிருக்கு. நல்ல ஆடா பாத்து ஒதுக்கி வச்ச ராஜாவுக்குப் பட்டமே போச்சு!”

முற்றத்திலிருந்து கிடா “ம்ம்மே” என்றது.

“அதே பக்கத்துல கீழ என்ன இருக்கு? ஆட்டைப் பலி கொடுக்கிறதைவிடச் சொன்ன பேச்சைக் கேக்கிறதுதான் பெருசுன்னு இல்லயா? பாதியில எந்திரிச்சு ஓடி வராதிய. தீர்க்கதரிசிக எல்லாம் இன்னும் இருக்காவல்லா, தள்ளிப் போங்க.”

எந்த அதிகாரம், எந்த வசனம் என்று மட்டும் சொல்லவே மாட்டாள். எரிச்சலில் பாக்கியசீலன் ஒரு வரி விடாமல் தேடினார். காலையில் கிடாய்க்கு அகத்திக்கீரை போட்டுக்கொண்டே ஒரு புத்தகம். கொக்கிரகுளம் ஆபீசில் கோப்புக்கு நடுவே ஒளித்துவைத்து ஒரு புத்தகம். தலைமை எழுத்தர் சிவசங்கரன் அதைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் பூண்டுகூடச் சேர்க்காத சைவர். கதையை முழுவதும் கேட்டுவிட்டு முகவாயைத் தடவினார்.

“எங்க வீட்டுல முட்டை படம் போட்ட காலண்டரைக்கூட மாட்ட மாட்டோம் வே. ஆனா எங்க சாமி, அடியார் வீட்டுக்கு வந்து பிள்ளைக்கறி கேட்டாருல்லா?”

“அதுக்கு நீங்க என்ன சொல்லுதிய, அண்ணாச்சி?”

“கடைசில பிள்ளை உசுரோட ஓடி வந்துரும். அது ஓடி வரும்னுதான் நாங்க அந்தக் கதையையே கேக்கோம்.”

“அப்ப என் கிடா?”

“அது ஓடி வரும்னு எனக்குத் தோணல. எதுக்கும் உம்ம பாஸ்டரை ஒரு எட்டு போய்க் கேட்டுப் பாரும்.”

கேட்டதுதான் தப்பு. பாஸ்டர் “அருமையான கேள்வி!” என்று ஞாயிற்றுக்கிழமை அதையே பிரசங்கமாக வைத்துவிட்டார். கொல்லலாம் என்பதற்கு அரை மணி நேரம், கூடாது என்பதற்கு அரை மணி நேரம். முடிவு சொல்கிற இடத்தில் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டார். சாயங்காலத்துக்குள் கிடா தருவதாகச் சொன்ன மூன்று வீட்டுப் பெண்கள், ஜெபகனி அக்கா முடிவைப் பார்த்துக்கொண்டு தருவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

கமிட்டித் தலைவர் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

“எட்டுக் கிடால மூணு போச்சு வே! உம்ம வீட்டுல புடிச்ச தீ. நீரே நல்லதா ஒரு வசனத்தைக் கொண்டாரும். இல்லன்னா இந்த வருசம் கத்திரிக்கா சாம்பார்தான்!”

அசனத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பாக்கியசீலனுக்கு அது கிடைத்தே விட்டது. அப்போஸ்தலர் நடபடிகள்! வானத்திலிருந்து விரிப்பில் மிருகங்களை இறக்கி, அடித்துச் சாப்பிடு என்று பேதுருவிடமே சொல்லியிருக்கிறது. அடுக்களை வாசலில் நின்று கணீரென்று வாசித்தார்.

ஜெபகனி அகப்பையைக் கீழே வைத்தாள்.

“சரி. இன்னும் இருபத்திரண்டு புஸ்தகம் இருக்கு. அதையும் பாத்துட்டு நீங்களே முடிவைச் சொல்லுங்க. நான் குறுக்க நிக்கல.”

ஜெயித்த கையோடு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கிடா வழக்கம்போல அவர் பாதத்தில் மோவாயை வைத்துப் படுத்துக்கொண்டது. இரண்டு மாதமாக ராஜாக்களையும் தீர்க்கதரிசிகளையும் அவரோடு சேர்ந்து கேட்ட ஜீவன். அதன் கழுத்தைத் தடவினார். ஜெயித்தது கொஞ்சமும் இனிக்கவில்லை.

அசனத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கடைசிப் பக்கத்தையும் வாசித்து முடித்தார். கொல் என்பதும் கொல்லாதே என்பதும் அவருக்குள் தீர்ந்தபாடில்லை. ஆனால் கடைசியில், கண்ணீரெல்லாம் துடைக்கப்படும், இனி சாவே இல்லை என்று ஒரு இடம் வந்தது. அதை மூன்று முறை வாசித்தார். பெரிய மனிதர், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலை ஆலய வளாகத்தில் அடுப்புகள் மூட்டியாகிவிட்டன. பாக்கியசீலன் கிடாயைப் பிடித்துக்கொண்டு நேரே உபதேசியார் எஸ்றாவிடம் போனார். சபையில் யார் என்ன நேர்ந்துகொண்டாலும் எழுதிவைக்கிற பொருத்தனை நோட்டு அவரிடம்தான் இருக்கும்.

“உபதேசியாரே, வசனம் கெடச்சிட்டு. மனசுதான் வரல. இதை வெட்ட என்னால கொடுக்க முடியாது. பொருத்தனையை மீறின பாவம் என்னோட போகட்டும். காமாலை வந்தா வரட்டும். என் பேரை அடிச்சிருங்க.”

எஸ்றா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எச்சில் தொட்டு நோட்டின் பக்கங்களைப் பையப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, கிடாயையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னத்துக்கு அண்ணாச்சி இதைப் பிடிச்சிட்டு வந்திய? ‘என் வீட்டுக்காரர் பிழைச்சு வந்தா, ஆதியாகமம் தொட்டு வெளிப்படுத்தல் வரைக்கும் ஒரு வரி விடாம அவரை வேதம் வாசிக்க வைப்பேன்’னுதான அக்கா பொருத்தனை எழுதியிருக்காவ? நேத்துச் சாயங்காலமே வந்து, நிறைவேறிட்டுன்னு கையெழுத்தும் போட்டுட்டாவளே!”