ராகு பிடித்த கேமரா

மலேசியாவின் குளுவாங்கில் அந்த மாதம் இரண்டு இடங்களில்தான் வரிசை நீண்டது. ஒன்று, ரயில் நிலையத்துக் காப்பிக் கடை. இன்னொன்று, நவக்கிரக டெலிகாம். காப்பிக் கடையில் நின்றவர்களுக்குக் கடைசியில் காப்பியாவது கிடைத்தது.

டெலிகாம் வாசலில் வாழை மரம், மாவிலைத் தோரணம், ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். புதிதாக வந்தவர்கள் கல்யாண மண்டபம் என்று நினைத்துக் காலணியைக் கழற்றினார்கள். கழற்றினால்தான் மரியாதை என்று உள்ளே இருந்தவர்களும் கழற்றினார்கள். கைப்பேசி வாங்க வெறுங்காலோடு நிற்கும் ஜனத்தை உலகத்தில் வேறு எங்கும் பார்க்க முடியாது.

கடைக்காரரின் பெயர் காளிதாஸ். போன வருடம் வரை வெறும் காளிதாஸ். இப்போது மாஸ்டர் காளிதாஸ். கழுத்தில் ருத்ராட்ச மாலை, அதே கழுத்தில் 'உரிமையாளர்' என்ற அட்டை. பக்தியும் வியாபாரமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு தொங்கின.

போன் வாங்குவது முன்பு பெரிய தொல்லை. கேமரா எப்படி, பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், எத்தனை வருடம் ஓடும் என்று கேட்க வேண்டும். மாஸ்டர் அந்தத் தொல்லையை ஒழித்துவிட்டார். அவரே கேட்பார், ஒரே கேள்வி: "என்ன ராசி?"

சொன்னதும் கிரக மீட்டரை எடுப்பார். பொன் நிறத்தில், துப்பாக்கி வடிவத்தில், பச்சை விளக்கு ஒன்றும் சிவப்பு விளக்கு ஒன்றும் வைத்த கருவி. கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் போன்களை நோக்கி நீட்டுவார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு போனை எடுப்பார். பச்சை! வரிசையே கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

மேஷத்துக்கு 'மேஷ வீரன்'. சிம்மத்துக்கு 'சிம்ம கேசரி'. கன்னிக்கு 'கன்னிகா மகாலட்சுமி'. ஒவ்வொரு ராசிக்கும் ஒரு நிறத்தில் உறை. உறையைப் பசை வைத்து ஒட்டியே கொடுப்பார். ஒரு மண்டலம் கழற்றக் கூடாது, கழற்றினால் கிரகம் கோபித்துக்கொள்ளும். கடையில் திருப்பிக் கொடுக்கும் கெடுவோ ஒரு வாரம். கிரகங்கள் எப்போதும் கடைக்காரரின் வசதி பார்த்துத்தான் கோபித்துக்கொள்ளும்.

புதுக் காருக்குப் பூஜை போட்டு எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுவதில்லையா? போனுக்கும் அதே மரியாதை. பொம்மைக் கார் ஒன்றின் மேல் போனைக் கட்டி உருட்டினார்கள். முழு எலுமிச்சையின் மேல் பொம்மைக் கார் ஏற மறுத்ததால் லிமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை வைத்தார்கள். அதுவும் நசுங்கவில்லை, உருண்டு ஓடியது. "தோஷம் ஓடுது பாருங்க!" என்றார் மாஸ்டர். நாலு பேர் தோஷத்தைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள்.

இந்த வரிசையில்தான் பிரேமலா நின்றாள். தானாக வரவில்லை. மாமியார் கிருஷ்ணம்மா கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள்.

பிரேமலா மணப்பெண் அலங்காரம் செய்பவள். தொழிற்சாலை வேலையை விட்டு இதை ஆரம்பித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவள் கைத்திறமையை ஊருக்குச் சொல்வது படங்கள்தான். போன வாரம் அவளுடைய பழைய போன் உயிரை விட்டது. அன்றைக்குத் தம்போயிலிருந்து சுபத்திரா என்ற பெண் வெள்ளோட்ட அலங்காரத்துக்கு வந்திருந்தாள். வேறு வழியில்லாமல் மாமியாரின் கன்னிகா மகாலட்சுமியில் படம் எடுத்தாள். அழகான மாநிறப் பெண், படத்தில் மாவில் புரட்டிய மீன் மாதிரி வந்தாள். உதடு ஊதா. நெற்றிப் பொட்டு கறுப்பு.

படம் போன கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது.

"அக்கா, இது நானாக்கா? எங்க மாமியார் வீட்டுல காட்டினா, பொண்ணுக்கு என்ன வியாதின்னு கேக்கிறாங்க!"

"போன் சரியில்லமா. உன் முகம் நல்லாத்தான் இருந்துச்சு."

"அடுத்த வாரம் உங்ககிட்ட வரேன். மறுபடி மேக்கப் போட்டு ஒழுங்கா ஒரு படம் எடுத்துக் குடுங்க. அவங்க பார்த்து சரின்னா நீங்கதான். இல்லன்னா வேற ஆள் பார்க்கச் சொல்லிட்டாங்க. சோரி லா அக்கா."

சுபத்திராவின் வீட்டில் அடுத்தடுத்து மூன்று கல்யாணம். அத்தனையும் இந்த ஒரு படத்தில் தொங்கின. பிரேமலாவுக்கு வேண்டியது நிறத்தை நிறமாகக் காட்டும் ஒரு கேமரா. அவ்வளவுதான். ராஜயோகம் வேண்டாம்.

அவளுடைய முறை வந்தது.

"என்ன ராசி?"

"ராசி இருக்கட்டும் மாஸ்டர். கண்ணாடிப் பெட்டியில ஓரமா இருக்கே, அந்த போன். அதுல ஒரு படம் எடுத்துப் பார்க்கலாமா?"

வரிசை மூச்சை இழுத்தது. கோயிலில் மூலவரிடம் போய் வயது கேட்டதுபோல் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"கும்ப ராசி மாஸ்டர், கும்பம்!" என்றாள் கிருஷ்ணம்மா அவசரமாக. "இவ இப்படித்தான். எதுக்கெடுத்தாலும் கேள்வி. கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம் பண்றவ, தம்போயிலிருந்துகூட ஆள் வருது."

மாஸ்டர் மீட்டரை நீட்டினார். சிவப்பு. முகத்தைச் சுளித்தார்.

"அலாமாக்! இந்த கேமராவுல ராகு உக்காந்திருக்காரு. இதை வாங்கினா நீங்க எடுக்கிற கல்யாணம் ஒண்ணும் தங்காது." மேசைக்கு அடியில் கை போனது. வெளியே வந்தது நீல உறை போட்ட ஒன்று. பச்சை! "இது 'கும்ப கலசம்'. உங்களுக்குன்னே பிறந்தது. சந்திராஷ்டமத்துல மட்டும் சார்ஜ் போடாதீங்க. ராகு காலத்துல வாட்ஸ்அப் பார்க்கலாம், பதில் போடக் கூடாது."

"இதுல ஒரு படம் எடுக்கலாமா?"

"பூஜை போடாம எடுத்தா பலன் போயிடும் தங்கச்சி."

 பிரேமலா நீல போனையும் பார்த்தாள், ஓரத்து போனையும் பார்த்தாள், மாஸ்டரின் கட்டை விரலையும் பார்த்தாள். அவள் அப்படி மௌனமாகிவிட்டால் வீட்டில் அவள் கணவன் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவான். மாஸ்டருக்கு அந்த அனுபவம் இல்லை. அவர் அதைச் சம்மதம் என்று எண்ணி ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார்.

"மாஸ்டர், ஒரு சின்ன ஆசை" என்றாள் பிரேமலா. குரலில் அத்தனை பணிவு. "இந்த ரெண்டு போனையும் செய்தித்தாள்ல சுத்தி வைக்கிறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க. அப்புறம் மீட்டர் வெச்சு, எதுல ராகு, எதுல ராஜயோகம்னு சொல்லுங்க. சனமும் உங்க சக்தியைப் பார்க்கட்டுமே."

மாஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அது... செய்தித்தாளைத் தாண்டிக் கிரகக் கதிர் வராதும்மா."

"வானத்துல அவ்வளவு தூரத்துல இருந்து, மேகம், கூரை, சிமெண்டு எல்லாம் தாண்டி வர்ற சனி பகவான், ஒரு செய்தித்தாள்கிட்ட வந்து நின்னுடுவாரா?"

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே பயந்து இருமினார்கள்.

இந்த இடத்தில் மாஸ்டர் தப்பித்திருக்கலாம். தலைவலி என்று சொல்லிக் கடையை மூடியிருக்கலாம். அவரை மாட்டிவிட்டது அவருடைய எதிரிகள் இல்லை, பக்தர்கள்.

"ஏன் மாஸ்டர் தயங்குறீங்க? காட்டுங்க!" என்றாள் கிருஷ்ணம்மா, முந்தானையைச் செருகிக்கொண்டு. "இவ வாய இன்னைக்கு அடைக்கணும். பத்து வருசமா நான் முயற்சி பண்ணி நடக்கல."

"ஆமா மாஸ்டர், காட்டுங்க!" என்றார் சபாபதி. லாபிஸிலிருந்து ரயிலேறி வந்து சிம்ம கேசரி வாங்கியவர். பேட்டரி அரை நாள்கூடத் தாங்கவில்லை, அதற்குப் பரிகாரம் கேட்க வந்திருந்தார்.

வேறு வழியில்லை. மாஸ்டர் திரும்பி நின்றார். பிரேமலா சுற்றினாள். மேசைமேல் வந்து உட்கார்ந்தவை மூன்று பொட்டலங்கள்.

"ரெண்டுதானே சொன்னீங்க?"

"மூணாவது என்கிட்ட இருந்தது மாஸ்டர். எனக்குப் பொருந்துதான்னு அதையும் பார்த்துச் சொல்லிடுங்க."

மாஸ்டர் கண்ணை மூடினார். ஏதோ முணுமுணுத்தார். அது மந்திரமா, கடன்காரனைத் திட்டும் வார்த்தையா என்று தெரியவில்லை. மீட்டர் முதல் பொட்டலத்தை நோக்கியது. சிவப்பு.

"ராகு! வேண்டாம், தொடாதீங்க!"

இரண்டாவது. பச்சை! மாஸ்டருக்குத் தெம்பு வந்துவிட்டது. குரல் ஏறியது.

"பார்த்தீங்களா! குரு உச்சத்துல இருக்காரு! இந்த போன்ல நீங்க பேசினா தம்போய் என்ன, சிங்கப்பூரே வாசல்ல வந்து நிக்கும்! கேமரா சும்மா மகாலட்சுமி கடாட்சம்!"

மூன்றாவதுக்கு ஏதோ ஒரு சிவப்பு. அவருக்கு அதில் ஆர்வம் போய்விட்டது.

கிருஷ்ணம்மா வெற்றிப் பெருமிதத்தோடு முதல் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே நீல உறை. கும்ப கலசம். கொஞ்ச நேரத்துக்கு முன் "உங்களுக்குன்னே பிறந்தது" என்று மாஸ்டர் கொடுத்ததே, அதே ஜாதகக்காரர்.

"பத்து நிமிசத்துல ராகு வீடு மாறிட்டாரா?" என்றார் சபாபதி.

பிரேமலா இரண்டாவது பொட்டலத்தைத் தானே பிரித்தாள். கறுப்பாக, சப்பையாக, போன் அளவில் ஒன்று. திறந்தாள். பதினாறு நிறத்தில் இமைக்குப் பூசும் பொடிகள். மூடியில் ஒரு கண்ணாடி. அவளுடைய அலங்காரப் பெட்டியில் கிடக்கும் சாமான்.

"குரு உச்சத்துல இருக்கிற போன் இதுதான்" என்றாள். கண்ணாடியை மாஸ்டரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "கேமராவும் நல்லாத்தான் இருக்கு மாஸ்டர். ஆள் எப்படியோ அப்படியே காட்டுது."

 கடையே வெடித்தது. சிரிப்பில் தோரணம் ஆடியது. நாதஸ்வரத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை, அது கெட்டிமேளம் வாசித்துக்கொண்டே இருந்தது.

சபாபதி மீட்டரைப் பிடுங்கினார். பொன் நிறத் தாளை நகத்தால் சுரண்டினார். அடியில் நெற்றியின் படம். கோவிட் காலத்தில் பேரங்காடி வாசலில் எல்லோருடைய நெற்றியிலும் நீட்டினார்களே, அந்தக் காய்ச்சல் துப்பாக்கி! கைப்பிடியில் பிற்பாடு வைத்த ஒரு பொத்தான். அமுக்கினால் பச்சை, விட்டால் சிவப்பு. அவர் தூணுக்கு வைத்தார், தூணுக்கு ராஜயோகம். வாழை மரத்துக்கு வைத்தார், அதற்கும் ராஜயோகம். மாஸ்டருக்கு வைத்து விரலை எடுத்தார். சிவப்பு.

"இவருக்கு நேரம் சரியில்ல" என்று பலன் சொன்னார்.

"உறையைக் கழட்டுங்க!" என்றாள் பிரேமலா.

 முதலில் துணிந்தவள் கிருஷ்ணம்மாதான். பல்லால் கடித்து இழுத்தாள். பச்சை உறை கிழிந்தது. சபாபதியின் சிவப்பு உறை கிழிந்தது. மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்று கிழிந்து விழுந்தன. மேசைமேல் வரிசையாகக் கிடந்தவை எல்லாம் ஒரே சாம்பல் நிறம், ஒரே தயாரிப்பு, ஒரே மாடல். மேஷ வீரனும் கன்னிகா மகாலட்சுமியும் ஒரே பெட்டியில் வந்த இரட்டையர்கள்.

"யாரும் வாங்காத சரக்குங்க" என்றார் காளிதாஸ். ருத்ராட்சத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். "கோலாலம்பூர்ல ஒருத்தன் என் தலையில கட்டிட்டான். 'நல்லா போகும் பாஸ், நம்பி எடுங்க'ன்னான். நானும் நம்பிட்டேன்."

"படம் எடுத்துப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் பிரேமலா.

"இல்ல."

அந்த 'இல்ல' ஒன்றுதான் அன்று அந்தக் கடையில் உண்மையாக விற்கப்பட்ட பொருள்.

பணத்தைக் கேட்டுக் கூட்டம் மேசையைச் சூழ்ந்தது. பிரேமலா பக்கத்துச் சீனர் கடைக்குப் போனாள். விற்பனைப் பெண் ஓடி வந்தாள். "அக்கா, இது எடுங்க, இதுதான் எல்லாரும் வாங்குறாங்க!" என்று மலாயில் அடுக்கினாள். அந்தப் பெண்ணின் கழுத்தில் ருத்ராட்சம் இல்லை. அதனால் மட்டும் நம்பிவிட முடியுமா? "முதல்ல படம்" என்றாள் பிரேமலா. நான்கு போன்களை வாங்கி, கடை முன் அஞ்சடி நடைபாதைக்கு வந்து, வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று என்று மாமியாரின் முகத்தையே எடுத்துப் பார்த்தாள். கிருஷ்ணம்மா எதிர்த்துப் பேசாமல் திரும்பச் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினாள். விற்பனைப் பெண் புகழ்ந்த போன் மூன்றாவது இடத்தில் வந்தது. அவள் வாயே திறக்காத போன் ஜெயித்தது.

மறுநாள் சுபத்திரா வந்து மறுபடி அலங்காரம் செய்துகொண்டு போனாள், பின்னாலேயே படம் போனது. கொஞ்ச நேரத்தில் அழைப்பு.

"அக்கா, இப்பத்தான் இது நான்! மூணு கல்யாணத்துக்கும் நீங்கதான்னு சொல்லிட்டாங்க!"

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று மாலையே பிரேமலாவின் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் காலணியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். முன்னால் சபாபதி, கையில் வெற்றிலை பாக்குத் தட்டு.

"தங்கச்சி, உங்க வாக்குப் பலிக்குது. சிம்ம ராசிக்கு எந்த போன் எடுக்கலாம், நீங்களே சொல்லிடுங்க."

பிரேமலா தட்டை அவர் பக்கமே நகர்த்தினாள்.

"அண்ணே, முதல்ல செருப்பைப் போடுங்க. அப்புறம் கடைக்குப் போங்க. உங்களுக்கு என்ன வேணுமோ அதைச் செஞ்சு பார்த்து வாங்குங்க. ஒரு சாமியை விட்டுட்டு இன்னொரு சாமியைப் பிடிக்கத்தான்னா, கழுத்துக்கு மேல தலை எதுக்கு? போன் பேசவா? அதுக்கு ஒரு காதும் ஒரு வாயும் போதுமே!"