லம்பம் வைத்திருக்கும் மாப்பிள்ளை

சிவமயம்

குனோங் ராபாட்,
சனிக்கிழமை

ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் என் உடன்பிறந்த செகப்பி ஆச்சிக்கு, தம்பி உடையப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் நவமணியும் நலம். அவள் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை என்பதைத் தவிர வீட்டில் வேறு குறை இல்லை. அயித்தானுக்குச் சர்க்கரை இறங்கியதா என்று எழுதவும். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் கோலாலம்பூர் வரை தெரிந்துவிடும், கடிதமாகவே எழுது என்று நீ சொன்னதால் பேனா தேடி எடுத்து எழுதுகிறேன்.

நம் ரோஷினிக்கு வந்திருக்கும் வரன் விஷயமாக நேரில் போய் விசாரித்தேன். தரகர் அர்ச்சுனன் அண்ணன் போனில் என்ன சொன்னார்? "பையன் பேரு யுவனேஸ்வரன். ஈப்போவுல சொந்தமா லம்பம் வச்சிருக்கான். உலகம் பூரா ஆளுங்க வந்து வேலை செய்யறாங்க லா." ஈயம் தோண்டிய லம்பமெல்லாம், ஒரு சுரங்கம் பாக்கியில்லாமல், குளமாகி, அதில் ஆட்கள் மீன் பிடித்துக்கொண்டிருக்கும் காலத்தில் எவன் புதிதாக லம்பம் வைத்திருக்கிறான் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், என் மகளுக்கு முப்பத்தொரு வயது, இதுவரை ஏழு வரனைத் தட்டிக் கழித்தவள், லம்பம் உண்மையா பொய்யா என்று பார்த்துவிட்டு வா என்று நீயும் அழாத குறையாகச் சொன்னாய். ஆகவே கையுறை ஆலையில் நான் லைன் சூப்பர்வைசராக இருந்தபோது கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்டையும் பூட்ஸையும் பரணிலிருந்து இறக்கி, போட்டுக்கொண்டு, புதன்கிழமை காலை புறப்பட்டேன்.

விலாசம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது அபுபக்கர் அண்ணன் சாப்பாட்டுக் கடை வாசலில். அவர் ரொட்டி வீசிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்து, "என்ன செட்டியாரே, யார் வீட்ட இடிக்கப் போறீங்க?" என்றார். லம்பத்துக்கு என்றேன். "மாடிக்குப் போங்க" என்றார். மாடியில் லம்பமா என்று யோசித்துக்கொண்டே ஏறினால், ஓர் அறை, ஆறு கம்ப்யூட்டர், மூன்று பேர். அதில் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் எழுந்து வந்து, "வாங்க அங்கிள், நான்தான் யுவனேஸ்வரன்" என்றான். "லம்பம் எங்க தம்பி?" என்று கேட்டேன். திரையைக் காட்டி, "இதான் அங்கிள்" என்றான். லம்பம் என்பது அவனும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் செய்து விற்கிற கேமின் பெயராம்.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். நவமணியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் ஆச்சி, திரையில் ஒரு சுண்ணாம்பு மலை, அப்படியே நம் வீட்டுப் பின்பக்கம் தெரிகிற மாதிரி. அதன் அடியில் ஒரு குட்டி இயந்திரம் தோண்டுகிறது. தோண்டிய கல் பெல்ட்டில் ஏறி உலைக்குப் போகிறது, உலையில் உருகிக் கட்டியாகி வெளியே வருகிறது, அந்தக் கட்டியை வைத்தே இன்னொரு தோண்டும் இயந்திரம் செய்கிறார்கள், அது இன்னும் தோண்டுகிறது. இது எங்கே போய் முடியும் என்று கேட்டேன். "முடியாது அங்கிள். சும்மா தொட்டுப் பாருங்க லா" என்றான். தொட்டேன். அவ்வளவுதான்.

நான் போட்ட முதல் பெல்ட்டில் இரும்பு வந்து செம்பை மறித்து, பின்னாலேயே கரி வந்து இரண்டையும் மறித்து, பத்து நிமிடத்தில் லைன் முழுக்க அடைத்துக்கொண்டது. இருபத்தெட்டு வருடம் லைன் பார்த்தவன் நான், எனக்கு எவ்வளவு கேவலம் பார். "இங்க தரம் பாக்குற கியூசி யாரு?" என்று சத்தம் போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பையன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, நான் எந்த இடத்தில் குழம்பினேன் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டான். "உங்களுக்குப் புரியலன்னா அது எங்க தப்பு அங்கிள்" என்றான். காசு கொடுத்து வாங்கியவர்கள் இவன் லம்பத்தில் ராத்திரி பகல் பாராமல் பெல்ட் போடுகிறார்களாம். நான் ஓவர்டைம் சம்பளம் தருகிறேன் என்று கெஞ்சியும் வராத ஜனம், இவனுக்குக் காசு கொடுத்து வேலை செய்கிறது. இது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதை விளங்கிக்கொள்ளத்தான் வியாழக்கிழமையும் போனேன், வெள்ளிக்கிழமையும் போனேன், வேறு காரணம் ஒன்றுமில்லை.

இதனால் நேர்ந்தவற்றை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். புதன்கிழமை காருக்குப் பார்க்கிங் காசு போட மறந்து அபராதச் சம்மன். வியாழக்கிழமை பல் டாக்டரிடம் போகவில்லை, பல் இன்னும் வலிக்கிறது. அன்று மாலையே, சந்தையில் இறக்கிவிட்ட நவமணியைக் கூப்பிட்டுவர மறந்துவிட்டேன். இரண்டு கை நிறைய காயோடு ஒரு மணி நேரம் நின்றுவிட்டு கிராப் வாடகைக் கார் பிடித்து வந்தாள். சமாதானப்படுத்தலாம் என்று வெள்ளிக்கிழமை காலை அவள் குளிக்கப் போன நேரத்தில் சமையலறையை லைன் ஆக்கினேன்: அரிசி ஒரு முனை, அடுப்பு நடுவில், தட்டு மறுமுனை, எதுவும் எதையும் மறிக்காது. அவள் வந்து பார்த்தாள். உப்பு எங்கே என்று மட்டும் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகு பேச்சில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பையன் நல்லவன். சிகரெட் இல்லை, குரல் உயர்த்துவதில்லை, எங்கோ நார்வேயிலிருந்து ஒருவன் திட்டி எழுதினால்கூடத் தானே உட்கார்ந்து மரியாதையாகப் பதில் போடுகிறான். கோயில் பிரிவும் வேறுதான், பெண் கொடுக்க ஒத்துவருகிறது. ஆனால் ஆச்சி, வேண்டாம். கரண்ட் போனால் லம்பம் போச்சு. கையில் பிடித்துப் பார்க்க ஒரு கல்கூட இல்லாத தொழிலை நம்பி நம் பிள்ளையை எப்படிக் கொடுப்பது? நாளைக்கு ஜனத்துக்கு இது சலித்துவிட்டால் என்ன செய்வான்? எனக்குப் பிள்ளை இல்லை, எனக்கிருப்பது அவள் ஒருத்திதான். அவள் கண் கலங்கினால் எனக்குத் தாங்காது, பயமாக இருக்கிறது, அதுதான் உண்மை. ஆகவே அர்ச்சுனன் அண்ணனிடம் ஜாதகம் சரியில்லை என்று பக்குவமாகச் சொல்லிவிடு.

அயித்தானுக்கு என் வணக்கம். ரோஷினிக்கு என் ஆசி, எல்லா நலமும் அவளைத் தேடி வரட்டும். மருந்தை வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் தம்பி,
உடையப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிக்கொண்டு போவதற்குள் தபாலாபீஸ் மூடிவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை. பாதியில் விட்ட உலை ஒன்று இருந்ததால் மாடிக்குப் போனேன். பதினொரு மணிக்கு ரோஷினி வந்து நிற்கிறாள். உன்னிடம் ஆபீஸ் கோர்ஸ் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்தாளாம். என்னைப் பார்த்து, "நீங்க இங்க என்ன செய்யறீங்க மாமா?" என்றாள். நான் கேட்க வேண்டிய கேள்வி அது. பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, செம்பனை எண்ணெய் ஆலை இன்ஜினியர் அல்லவா, ஒரு மணி நேரம் திரையில் ஓடும் கொதிகலனையே பார்த்தாள். "கொதிகலன் இப்படி வேலை செய்யாது" என்றாள். அவன் நோட்டை எடுத்தான். "கல்யாணத்துக்கு அப்புறம் இத மூடச் சொன்னா மூடுவீங்களா?" என்று கேட்டாள். அவன் நோட்டைக் கீழே வைத்துவிட்டு, "மூட மாட்டேங்க" என்றான். "நல்லது. நானும் மில்ல விடமாட்டேன்" என்றாள்.

மேலே எழுதியதைக் கிழித்துவிடு. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவும் வேண்டாம், இது கைக்குக் கிடைத்த அன்றைக்கே அர்ச்சுனன் அண்ணனிடம் சம்மதம் சொல்லிவிடு. நாம் தேதி மட்டும் குறித்தால் போதுமாம். அதுவும் கொதிகலனைச் சரிசெய்து அடுத்த அப்டேட் விட்ட பிறகுதானாம், ரோஷினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.