இலைதழைக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கதை

ஒரு காட்டில் ஒரு புலி அதிபராக இருந்தது. பலத்தால் வந்த பதவி என்று யாராவது சொல்லிவிட்டால் அதற்குப் பொல்லாத கோபம் வரும். "நான் தேர்தலில் நின்று ஜெயித்தவன்!" என்று உறுமும். உண்மைதான், நின்றது, ஜெயித்தது. எதிர்த்து நின்ற புள்ளிமானைப் பிரசாரத்துக்கு நடுவே ஒரு நாள் காலையில் தின்றுவிட்டது என்பது வேறு விஷயம். "ஆட்சி வேறு, சாப்பாடு வேறு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க" என்று அதற்கு விளக்கமும் கொடுத்தது. காட்டின் ஒரே பத்திரிகையாளரான மரங்கொத்தி அதை அப்படியே கொத்தி வெளியிட்டது.

அதிபர் போட்ட உத்தரவுகளில் ஒன்று, நடுக்குட்டையில் புல்லும் இலையும் தின்பவர்கள் இறங்கக் கூடாது என்பது. அது அதிபர் குளிக்கும் தண்ணீராம். மற்றவர்கள் மலையைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போய்க் குடிக்க வேண்டும்.

மின்னாள் என்ற சருகுமானுக்கு இந்த உத்தரவை நினைத்தாலே உடம்பு பற்றி எரியும். சருகுமான் என்றால் முயல் அளவு உருவம், பென்சில் மாதிரி கால். போன கோடையில் அவளுடைய மூத்த குட்டி ஓடைக்குப் போகிற வழியில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. இப்போது இன்னொரு குட்டி, பால்குடி. அடுத்த கோடை வருவதற்குள் ஆட்சி மாறியாக வேண்டும். மின்னாளுடைய அரசியல் மொத்தமும் அவ்வளவுதான்.

இலைதழைக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் நாளும் வந்தது.

அந்தக் கட்சியில் ஓட்டுச்சீட்டு, பெட்டி, திரைமறைவு எதுவும் கிடையாது. நிழற்கூட்டம் என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். மதியம் சாய்ந்ததும் வறண்ட ஏரிக்குள் எல்லோரும் கூட வேண்டும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மரம். யாரைப் பிடிக்கிறதோ அவர் மரத்து நிழலில், ஊர் பார்க்கப் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். கூட்டத்தில் ஆறில் ஒரு பங்காவது சேராத மரம் கலைக்கப்படும். அங்கே நின்றவர்களை மற்ற மரத்துக்காரர்கள் கெஞ்சியோ கத்தியோ தங்கள் பக்கம் இழுக்கலாம். அதற்குப் பிறகு இறுதி எண்ணிக்கை. எந்த நிழலில் கூட்டம் அதிகமோ அதுதான் கட்சியின் முடிவு.

யாரையுமே பிடிக்காதவர்களுக்கும் ஜனநாயகத்தில் இடம் வேண்டுமல்லவா? அதற்காக மேற்குக் கரையில் வானத்தை முட்டிக்கொண்டு நின்ற மருதமரத்தை 'இன்னும் முடிவு செய்யாதவர்கள்' என்று ஒதுக்கியிருந்தார்கள். அதன் கீழே ஒரே ஓர் ஆமை நின்றது. அது இந்தக் கூட்டத்துக்கு வந்ததா, போன கூட்டத்திலிருந்து இன்னும் வீடு போய்ச் சேரவில்லையா என்பது யாருக்கும் தெரியாது.

கூட்டத்தை நடத்தியது உடும்பு. விதியைப் பிடித்தால் விடாத பிறவி. அது கற்பாறைமேல் ஏறித் தொண்டையைச் செருமுவதற்குள் மின்னாள் ஆரம்பித்துவிட்டாள்.

"உடும்பய்யா, ஒரு சந்தேகம். அடைகாக்கிற அம்மாக்கள் எல்லாம் எப்படி இங்க வந்து நிப்பாங்க?"

"முட்டையோட வரட்டும்மா."

"வவ்வாலுங்க? அவங்களுக்கு இது நடுராத்திரி மாதிரி."

"தூங்குறவங்க கருத்தைத் தூக்கத்துல கேக்க முடியுமா?"

"அப்போ வேலையத்தவங்களும் காலு நல்லா இருக்கிறவங்களும் மட்டும்தான் கட்சியா?"

"அந்த மாதிரி விதியில எழுதலை" என்றது உடும்பு பெருந்தன்மையோடு. "ஆனா பழக்கத்துல அப்படித்தான்."

வேட்பாளர்கள் மூன்று பேர். முதலாவது காட்டெருது கடம்பன். கொள்கை என்னவென்று கேட்டால், "அண்ணன் இருக்கேன்ல?" என்பான். இரண்டாவது தோகையரசன் என்ற மயில். அவனுக்குக் கொள்கையே தோகைதான். மூன்றாவது கூரம்மா என்ற முள்ளம்பன்றி. குட்டையின் ஒரு பக்கத்துக்கு முள்வேலி போட்டு இலைதழைக்காரர்களுக்கு விட்டுவிட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னவள் அவள் ஒருத்தி. அதைவிட முக்கியம், புலியால் அவளை வாயில் வைக்க முடியாது. தேர்தல் முடியும்வரை உயிரோடு இருக்கப்போகிற ஒரே வேட்பாளர்! இதைவிட என்ன தகுதி வேண்டும் என்று மின்னாள் மரத்துக்கு மரம் போய்க் கேட்டாள்.

"கொள்கை எல்லாம் நல்லாத்தான் இருக்கு மின்னா" என்றது ஒரு முயல். "பக்கத்துல நிக்க முடியலையே!" திரும்பித் தன் பின்புறத்தைக் காட்டியது. இரண்டு முட்கள் குத்தியிருந்தன.

"ஆட்சிக்கு ஆள் தேடுறோமா, படுக்கத் தலையணை தேடுறோமா?"

"அதுக்கில்லடி. கடம்பண்ணன் பக்கத்துல நின்னா காத்து வருது. காதை ஆட்டுறார் பாரு."

"அந்த அண்ணன் கழுத்தைப் பாத்தியா? புலி வீட்டு விருந்துக்கு அது ஒண்ணே போதும்!"

"சீ, நல்ல நாள்ல என்ன பேச்சு!" என்று முயல் காற்று வரும் பக்கமாக நகர்ந்துவிட்டது.

புலியை எதிர்த்து யார் நிற்பார் என்று அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. யாரை ஒட்டி நின்றால் சுகம் என்றுதான் பார்த்தார்கள். நின்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் வேறென்ன நடக்கும்? எனக்கும் இதை எழுதும்போதே ஆத்திரம்தான் வருகிறது.

முதல் எண்ணிக்கையில் மயில் தோற்றது. ஆதரவாளர்கள் இல்லாமல் இல்லை. உற்சாகத்தில் தோகையை விரித்துவிட்டது. மர நிழல் முழுவதையும் தோகை பிடித்துக்கொள்ள, ஆதரவாளர்கள் வெயிலுக்குத் தள்ளப்பட்டார்கள். வெயிலில் நிற்பவர் கணக்கில் வரமாட்டார். கலைந்தவர்களைக் கடம்பன் ஆட்கள் "வாங்க வாங்க, இங்க ஆட நிறைய இடம் இருக்கு" என்று அள்ளிக்கொண்டு போனார்கள். மின்னாள் தொண்டை வறளக் கத்தி நாலைந்து பேரைக் கூரம்மா பக்கம் இழுத்து வந்தாள். அவர்கள் எட்டி எட்டி, நுனிக்காலில், நிழலின் ஓரத்தில் நின்றார்கள்.

"இறுதி எண்ணிக்கை!" என்றது உடும்பு. "நான் முடிக்கிறவரைக்கும் ஒருத்தரும் ஒரு அடி நகரக் கூடாது. விதி."

கடம்பன் பக்கம் எண்ணி முடித்தது. கூரம்மா பக்கம் வந்து எண்ணியது. மறுபடி எண்ணியது. உதட்டைப் பிதுக்கியது.

"ரெண்டு பக்கமும் சரிசமம். ஜெயிக்க இந்தப் பக்கம் ஒரு தலை குறையுது. சமமானா உடம்பு பெரிசா இருக்கிறவர்தான் வேட்பாளர். விதி."

மின்னாள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். கடம்பன் வேட்பாளரானால் நாலாம் நாள் புலிக்குச் சாப்பாடு, ஐந்தாம் வருஷம்வரை புலிக்கு ஆட்சி. சட்டென்று வயிற்றுக்கடியில் ஒண்டியிருந்த குட்டியை முன்னால் தள்ளினாள்.

"இதோ இன்னொரு தலை."

"பால்குடிக்கெல்லாம் உரிமை கிடையாதும்மா."

"எந்த விதியில போட்டிருக்கு?"

"வயசு வரணும்."

"புலி இதைத் தூக்கிட்டுப் போறப்போ வயசு கேட்டுட்டுத்தான் தூக்குமா?"

உடும்பு விதியை யோசித்தது. மின்னாள் விடவில்லை. தாகத்துக்கு வயது உண்டா என்றாள். நிழலுக்கு வயது தெரியுமா என்றாள். போன கூட்டத்தில் ஈசலை எண்ணியதை எடுத்துக்காட்டினாள். அவை அன்றைக்குத்தான் பிறந்து அன்றைக்கே செத்தவை. கடம்பன் ஆட்கள் எதிர்த்தார்கள். அவர்களுக்கும் பதில் சொன்னாள். ஒரு காட்டுப்பன்றி, "இந்தப் பொண்ணு வாயை யாராவது கட்டுங்கப்பா" என்றது. அதற்கும் தனியாக, நீளமாக, மூன்று பகுதியாகப் பதில் சொன்னாள்.

கடைசியில் உடும்பு நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது. "சரிம்மா. நீ சொல்றது நியாயம். குட்டியும் ஒரு தலை."

கூரம்மா மரத்தடியில் ஒரே ஆரவாரம். மின்னாள் குட்டியை நக்கிக் கொடுத்தாள். அப்போதுதான் உடும்பு தரையைப் பார்த்தது.

வாதம் நடந்த நேரமெல்லாம் சூரியன் சும்மா இருக்கவில்லை. மேற்கே இறங்கிவிட்டிருந்தது. கடம்பன் மரத்து நிழல் அவன் ஆட்களை விட்டுவிட்டுக் கிழக்கே கற்குவியலுக்குப் போயிருந்தது. கூரம்மா மரத்து நிழல் யாருமில்லாத புதருக்குள் நுழைந்திருந்தது. மேற்குக் கரை மருதமரத்தின் நிழலோ நீண்டு, பரந்து, ஏரி முழுவதையும் போர்த்தியிருந்தது. யாரும் ஓர் அடி நகர்ந்திருக்கவில்லை. விதியாயிற்றே!

உடும்பு எண்ணியது. குட்டியையும் சேர்த்துத்தான் எண்ணியது.

"எல்லா உறுப்பினரும் 'இன்னும் முடிவு செய்யவில்லை' பக்கம். கட்சி வரலாற்றுல இவ்வளவு ஒற்றுமையை நான் பாத்ததில்லை" என்று கண்கலங்க அறிவித்தது.

மறுநாள் விடிந்ததும் புலி வாயைக் கழுவிக்கொண்டு பிரசாரத்துக்குக் கிளம்பியது. வழியில் முதலில் அகப்பட்டவள் மின்னாள்தான். ஓட முடியாதபடி குட்டி காலைப் பின்னிக்கொண்டு நின்றது.

"பயப்படாதே. நான் வேட்பாளரைத்தான் தேடுறேன்" என்றது புலி மரியாதையாக. "கடம்பனா? கழுத்தைப் பாத்தே ரொம்ப நாளாச்சு."

"இல்லீங்க."

"அந்த முள்ளுக்காரியா?"

"இல்லீங்க. நாங்க யாரையும் முடிவு பண்ணலை. அதையேதான் நிறுத்தியிருக்கோம்."

"எதை?"

"முடிவு பண்ணாததை. கட்சி ஒருமனதா அதைத்தான் தேர்ந்தெடுத்தது."

புலி அப்படியே குந்திவிட்டது. யாரைப் பிடிப்பது? எங்கே கடிப்பது? மின்னாளைத் தின்றால் பசி தீரும், தேர்தல் தீராது. அன்று முழுவதும் அது சாப்பிடவே இல்லை.

மேடை விவாதத்தில் புலி ஒரு பாறைமேல் நின்றது. எதிர்ப்பாறை காலியாக இருந்தது. "என் எதிரி ஒரு கோழை!" என்று புலி கர்ஜித்தது. காலிப் பாறை அசையவில்லை. "வாயைத் திறக்கச் சொல்லுங்க பாப்போம்!" திறக்கவில்லை. குரங்குகள் தங்களுக்குள் பேசிக்கொண்டன: "என்ன நிதானம் பாத்தியா? ஒரு கெட்ட வார்த்தை உண்டா?" புலி ஆத்திரம் தாங்காமல் காலிப் பாறைமேல் பாய்ந்து கோரைப்பல்லை உடைத்துக்கொண்டது. அந்தத் தேர்தலில் காயம்பட்ட ஒரே வேட்பாளர் அதுதான்.

முடிவு வந்தது. முடிவு செய்யப்படாதது அமோகமாக ஜெயித்தது. புலி வழக்குப் போடப் போனது. எதிராளி யார் என்று கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டது.

நடுக்குட்டைக்கும் சிக்கல் வந்தது. அது அதிபர் குளிக்கும் குட்டை. அதிபர் யாரென்று முடிவாகவில்லை. குளிக்க ஆளில்லாத குட்டைக்கு என்ன காவல் என்று காவலில் இருந்த செந்நாய்கள் வீட்டுக்குப் போய்விட்டன. புலி தோற்றவர்களுக்குரிய கௌரவத்தோடு ஓடைப்பக்கம் குளிக்கப் போனது.

மின்னாளின் குட்டி முன்னங்கால் இரண்டையும் சேற்றில் ஊன்றிக்கொண்டு குடித்தது. புரையேறும்வரை குடித்தது. அதைப் பார்த்துக்கொண்டே கூரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மின்னாள் பழக்கத்தில் ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

"அடுத்த தேர்தல்ல கண்டிப்பா நிக்கிறேன்டி. நீதான் எனக்காகப் பேசணும்."

மின்னாள் குட்டியைப் பார்த்தாள். பிறகு கூரம்மாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"வேண்டாம்க்கா. நல்லவங்க நீங்க. ஆனா புலி புரட்டிப் போட்டா, அடிவயித்துல உங்களுக்கு முள் இல்லையே!"

நீதி: வேட்பாளரின் கொள்கை, குணம், கூட்டம் எதையும் ஆராய்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள். கழுத்து இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், வேறு மரத்தடிக்குப் போய்விடுங்கள்.