கோல்பியின் இடது கால்

அன்புள்ள வெர்லன் மாமாவுக்கு,

தங்கை மகள் லொரீன் எழுதுவது. நாங்கள் நலம், மாடுகளும் நலம். நீங்களும் அத்தையும், நீங்கள் பயிற்சி கொடுக்கும் பையன்களும் நலமாயிருக்க வேண்டும். அண்ணன் அணியோடு மோதும் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் மட்டும் கொஞ்சம் குறைவாக.

நான் முதலில் பார்த்தது அண்ணன் கோல்பியின் ஷூ தடத்தைத்தான். மரத்தில் தொங்கும் டயருக்குள் பந்தெறிந்து பழகுகிறானே, அங்கே சேற்றில் இடது ஷூ நுனி டயரைப் பார்க்காமல் பால் கொட்டகையைப் பார்த்திருந்தது. பந்தும் கொட்டகையில்தான் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் என்னை ஓரமாக அழைத்து, "ஏம்மா, எந்தப் பக்கம் ஆள் வந்தா உங்க அண்ணன் மிரளுவான்? மாமாவுக்கு ஒரு வரி எழுதிப் போடேன்" என்று கேட்டீர்கள். எனக்கு நேரில் யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல வராது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தியதுகூட அப்பா கேட்டதற்குத் தலையாட்டித்தான். உங்களுக்கும் ஆட்டிவிட்டேன். அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

யாரும் துரத்தாவிட்டால் கோல்பி ராஜா. வலது காலை ஊன்றி, இடது காலை டயர் பக்கம் எடுத்து வைத்து, இடுப்பைத் திருப்பி எறிந்தானென்றால் பந்து ஓட்டைக்குள் போகும். இடப்பக்கமாக ஒருத்தர் ஓடி வந்தால் போச்சு. இடது கால் ஒதுங்கும், உடம்பு பின்னால் சாயும், பந்து வானத்துக்குப் போகும். இந்த வாரமும் இப்படி எறிந்தால் அணிக்குப் பந்தெறியும் குவார்ட்டர்பேக் இடம் டிராக்டர் கடைக்காரர் மகனுக்குத்தான் என்று எங்கள் கோச் சொல்லிவிட்டார். அண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

பயம் தெளிய வேண்டுமென்று அப்பா பழைய மெத்தையை மார்பில் கட்டிக்கொண்டு இடப்பக்கமாக ஓடி வந்தார், எறிந்த பந்து சமையலறை ஜன்னல் வழியாகப் பீன்ஸ் குழம்புப் பானைக்குள் விழுந்தது, அம்மா கரண்டியோடு வந்து அவளும் இடப்பக்கமாகவே துரத்தினாள், அடுத்த பந்து அப்போதுதான் காரிலிருந்து இறங்கிய பாஸ்டரின் கைகளில் போய் உட்கார்ந்தது, வாழ்க்கையில் தான் பிடித்த முதல் பந்து என்று அவர் அதைத் திருப்பித் தர மறுத்துவிட்டார், இந்தக் களேபரத்தில் மிரண்ட கன்றுக்குட்டி மெத்தையை முட்டி அப்பாவைச் சாணத்தில் உட்கார வைத்தது.

அப்பா எழுந்திருக்காமலே, "டேய், மாட்டைப் பாத்தா நிக்கிற, மெத்தையைப் பாத்தா ஏண்டா ஓடுற?" என்றார்.

"மாடு என் இடத்தைப் பிடுங்காதுப்பா" என்றான் அண்ணன். அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே மாமா, இடப்பக்கமாக ஆள் விடுங்கள். அத்தையின் முழங்கால் பனி விழுமுன் சரியாகட்டும், உங்கள் பன்றிகள் கொழுக்கட்டும்.

பொய் எழுதாத மருமகள்,
லொரீன்

பின்குறிப்பு: இதைப் புதன்கிழமையே எழுதி வாசல் தபால் பெட்டியில் வைத்துவிட்டேன். உள்ளே கடிதம் இருக்கிறதென்று காட்ட, பெட்டியின் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட வேண்டுமில்லையா, அதற்குத்தான் கை வரவில்லை. தபால்காரரும் தினம் கையாட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டார். நேற்று ஆட்டத்தில் உங்கள் பையன்கள் பாவம், வலப்பக்கமாகவே ஓடி வந்தார்கள். ஒருவன் மட்டும் தெரியாத்தனமாக இடப்பக்கம் வந்தான். அந்தப் பந்து பேண்டு கோஷ்டியின் பெரிய டிரம்மில் விழுந்தது, ஆகவே மேலே எழுதியது அத்தனையும் உண்மை. இன்று சனிக்கிழமை. தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்ட அண்ணன் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுகிறான். நான் போய்க் கொடியைத் தூக்குகிறேன்.