எழுத மறுத்த பென் டிரைவ்

அலுவலகங்களின் நெடிய வரலாற்றில், எழுத முடியாது என்று மேலாளரின் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஊழியர் என்ற பெருமை, கட்டைவிரல் நீளமே உள்ள ஒரு பென் டிரைவுக்கு உரியது. அதற்குச் சிலை வைத்தாலும் தகும். இன்னும் வைக்காததற்குக் காரணம், பீடத்தில் என்ன எழுதுவது என்பதை முடிவுசெய்ய வேண்டிய குழு இன்னும் கூடாததுதான்.

அது சாதாரணப் பென் டிரைவ் அல்ல. தலைமை அலுவலகத்திலிருந்து அரக்கு முத்திரை வைத்த உறையில் வந்தது. உள்ளே ஒரே ஒரு பட்டியல், அதில் இரண்டே பெயர்கள். ரயிலில் ஏழு மணி நேரத் தொலைவில் திறக்கப்போகும் புதிய கிளைக்கு இவர்களில் ஒருவர் போக வேண்டும். பெயருக்கு எதிரே 'விருப்பம்' என்றொரு கட்டம். அதில் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று நிரப்பி, அதே பென் டிரைவை வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். இருவருமே 'இல்லை' என்றால், வேலையில் பிந்திச் சேர்ந்தவர் போவார்.

பிந்திச் சேர்ந்தவர் துணை மேலாளர். வந்து இரண்டு வருடம் ஆகிறது. மேலாளரின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி என்பது தற்செயல். இன்னொரு பெயர், பதினாறு வருடமாகத் தட்டச்சு மேசையில் இருப்பவளுடையது. அந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் வாழ்ந்து வந்தது. எதைச் சொன்னாலும் "சரி" என்பதால் எல்லோருக்கும் அவள் சரியக்கா.

துணை மேலாளரின் கட்டத்தில் 'இல்லை' திங்கட்கிழமையே ஏறிவிட்டது. செவ்வாய்க்கிழமை மேலாளர் சரியக்காவைக் கூப்பிட்டார். பென் டிரைவோடு போய் நின்றாள்.

"உக்காருங்கம்மா. புதுக் கட்டடம், நல்ல காத்தோட்டம். யாரா இருந்தாலும் விருப்பத்தைக் கேட்டுத்தான் அனுப்பணும்ங்கிறது என் கொள்கை. உங்களுக்கு விருப்பம்தானே?"

"பொண்ணு எட்டாவது படிக்கிறா சார்..."

"அங்கேயும் எட்டாவது இருக்கும்மா."

"வீட்டுக்காரர் இங்க பஸ் ஓட்டுறாரு..."

"அங்கேயும் ரோடு போட்டிருக்காங்க. அப்ப 'ஆம்'னு அடிச்சுடுங்க."

"சரி சார்."

அந்தச் சொல் வழக்கம்போல வழுக்கிக்கொண்டு வரவில்லை. வாய் 'சரி' என்ற அதே நேரம், கட்டைவிரல் நகம் பென் டிரைவின் விளிம்பில் எதையோ 'டிக்' என்று தள்ளியது. அப்போது அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

மேசைக்கு வந்து 'ஆம்' என்று அடித்தாள். சேமிக்கச் சொன்னாள். திரையில் வந்தது: 'இந்த வட்டு படிக்க மட்டும். எழுத இயலாது.'

செய்தி கேட்டு மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வேற பென் டிரைவ்ல ஏத்தி அனுப்பிடலாமா சார்?" என்றாள் சரியக்கா.

"அது ஒரு பென் டிரைவ்மா. இது 'அந்தப்' பென் டிரைவ்."

புதன்கிழமை காலை 'எழுதுரிமை மீட்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் மேலாளர், உறுப்பினர் துணை மேலாளர், நடவடிக்கைக் குறிப்பு சரியக்கா. நிபுணராகக் கம்ப்யூட்டர் மெக்கானிக் அழைக்கப்பட்டார். அவர் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து, மந்திரம் போல ஏதோ அடித்தார்.

"'படிக்க மட்டும்'ங்கிற குணத்தை நீக்குன்னு உத்தரவு போட்டிருக்கேன் சார்."

"என்ன சொல்லுது?"

"'வெற்றிகரமாக நீக்கப்பட்டது'ன்னு சொல்லுது."

"அப்ப எழுதலாமா?"

"எழுத முடியலை சார்."

"நீக்கியாச்சுன்னு சொன்னீங்களே?"

"அது சொல்லுது. ஆனா நீங்கலை. நம்ம ஆபீஸ் மாதிரிதான் சார் இதுவும்."

இந்தக் கடைசி வாக்கியத்தைக் குறிப்பிலிருந்து நீக்கும்படி தலைவர் உத்தரவிட்டார். அது வெற்றிகரமாக நீக்கப்பட்டது.

"வேற வழி இருக்கா?"

"மொத்தமாத் துடைச்சுப் பார்க்கலாம் சார். அதுக்கும் விடுமான்னு தெரியலை. விட்டா எழுதலாம், ஆனா படிக்க ஒண்ணும் இருக்காது."

குழு இதை இரண்டு மணி நேரம் விவாதித்தது. படிக்க முடிந்து எழுத முடியாத நிலை, எழுத முடிந்து படிக்க ஏதுமில்லாத நிலையைவிட மேலானது என்று ஒருமனதாக முடிவாயிற்று.

அன்று மாலை சரியக்கா வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். கணவர் சட்டையைக் கழற்றியபடியே கேட்டார். "நீ என்ன சொன்னே?"

"சரின்னேன்."

"பிடிக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

'பதினஞ்சு வருஷமா உங்ககிட்டயும் சரின்னுதான் சொல்லிட்டிருக்கேன். பிடிச்சிருக்கான்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?' இது அவள் மனதுக்குள் முழுசாக, நிறுத்தற்குறிகளோடு உருவானது. வெளியே வந்தது, "சாப்பிட வாங்க."

மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அந்தப் பென் டிரைவே தேவலைம்மா. முடியாதுன்னு ஒரு தடவையாவது சொல்லுச்சு."

வியாழக்கிழமை குழுவுக்கு விடிவு பிறந்தது. துணை மேலாளர் பட்டியலின் அடியில் விரலை வைத்துக் கத்தினார். "அத்தான்! கீழ பொடி எழுத்துல பாருங்க!"

"ஆபீஸ்ல அத்தான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது மாப்ளே?"

பொடி எழுத்து இதுதான்: 'கட்டம் காலியாக இருப்பின், விருப்பம் உண்டு எனக் கருதப்படும்.'

அறையில் மகிழ்ச்சி பரவியது. எழுதவே தேவையில்லை! காலிக் கட்டமே 'ஆம்'. குழு உடனே தன் இறுதி அறிக்கையைச் சொல்லச் சொல்ல, சரியக்கா அடித்தாள்: 'இவ்வட்டில் எவராலும் எதையும் எழுத இயலாது என நேரில் கண்டறிந்தோம். எனவே இதில் உள்ளது எதுவாயினும் அதுவே எங்கள் இறுதிப் பதில் என்று மனமுவந்து ஏற்கிறோம்.' இரண்டு கையெழுத்துகள், ஒரு முத்திரை. குழு தன்னைத்தானே பாராட்டிக்கொண்டு கலைந்தது.

"வட்டைப் பத்திரமா உறையில போட்டு வைங்கம்மா. நாளைக்கு நான் ஒரு தடவை பார்த்துட்டு அரக்கு வச்சுக்கிறேன்."

"சரி சார்."

மேசையில் உட்கார்ந்து உறையைப் பிரித்தபோது, கட்டைவிரல் நகம் தானாகவே பென் டிரைவின் விளிம்புக்குப் போனது. அங்கே அரிசி முனை அளவுக்கு ஒரு பொத்தான். பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு பூட்டுப் படம். தள்ளினாள். டிக். திருப்பித் தள்ளினாள். டிக். செவ்வாய்க்கிழமை நகத்துக்கடியில் கேட்டதும் இதே சத்தம்தான்.

அது தானாகப் பூட்டிக்கொள்ளவில்லையா? நானா பூட்டினேன்? அவளுக்கு முதலில் பயம் வந்தது. பிறகு, தன் உடம்புக்குள் தன் பக்கம் பேச ஒரு நகமாவது இருந்திருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் பூட்டிக்கொண்டு சும்மா இருந்தால் போதாது. பொடி எழுத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள்: காலியாக விட்டால், அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

பூட்டைத் திறந்து, பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினாள். விரல்கள் பழக்கத்தில் 'ஆம்' என்று அடித்துவிட்டன. அழித்தாள். பதினாறு வருடம் தட்டச்சு செய்தவளுக்கு 'ல்' எங்கே இருக்கிறது என்று ஒரு நிமிடம் மறந்துபோயிற்று. தேடி, ஒவ்வொன்றாக அடித்தாள். சேமித்தாள். ஒரு மறுப்பும் வரவில்லை. பொத்தானைத் தள்ளினாள். டிக்.

வெள்ளிக்கிழமை மூன்று ஐம்பதுக்குக் கூரியர்காரர் வாசலில் நின்று ஹாரன் அடித்தார். மேலாளர் அரக்கை உருக்கியபடியே பட்டியலைத் திறந்து பார்த்தார். அரக்கு சொட்டி மேசையில் விழுந்தது.

"என்னம்மா இது? 'இல்லை'ன்னு இருக்கு?"

"அப்படித்தான் சார் இருக்கு."

துணை மேலாளர் எட்டிப் பார்த்தார். "அத்தான், நேத்து காலியாத்தானே இருந்துச்சு! அழிங்க, அழிங்க!"

மேலாளர் அழித்தார். சேமித்தார். திரை பணிவோடு சொன்னது: 'இந்த வட்டு படிக்க மட்டும்.'

"யாரு எழுதினது?"

"யாராலயும் எழுத முடியாதுன்னு நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"

ஹாரன் மறுபடி கேட்டது. மேலாளர் அறிக்கையைப் பார்த்தார், மைத்துனரைப் பார்த்தார், ரயிலில் ஏழு மணி நேரத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"ஏம்மா, அன்னிக்கு நீங்க சரின்னுதானே சொன்னீங்க?"

"சரின்னு நான் சொன்னேன் சார். விருப்பம்னு நீங்க சொன்னீங்க."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்த மூன்று எழுத்துகளை மறுபடியும் படித்தார். பதினாறு ஆண்டுகளில் சரியக்காவின் விருப்பத்தை அந்த அலுவலகம் படித்தது அன்றுதான். அதுவரை அதை எழுதும் சிரமத்தையும் அலுவலகமே பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டிருந்தது.