துவக்குக் காக்காவின் காவல்

திருகோணமலைத் துறைமுகத்தடியில் எங்கள் துவக்குக் காக்காவைப்போல ஆபத்தான காவல்காரர் வேறு எவரும் இல்லை என்று நாங்கள் வேலை செய்யும் பண்டகசாலைக்கு வந்துபோகிற எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டவரும் அவரேதான்.

கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருவார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டார்; அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்றால்தான் திரும்புவார். வந்ததும் அலுமாரியைத் திறந்து துவக்கை, அந்தப் பழைய துப்பாக்கியை, வெளியே எடுப்பார். இருபதாம் நூற்றாண்டு பிறந்த கையோடு வெள்ளைக்காரன் கப்பலில் வந்திறங்கிய ஒற்றைக்குழல் துவக்கு அது. லைசென்ஸும் பண்டகசாலையோடு சேர்ந்தே கைமாறி வந்தது. காக்கா அதற்குத் தேங்காயெண்ணெய் பூசி மினுக்குவார். கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து குழலை நக்கிவிட்டுப் போகும்.

ஒரு மத்தியானம், நாங்கள் உண்ட களையில் கிடந்தபோது, ஒருவன் மதிலேறிக் குதித்துச் செம்புக் கம்பிச் சுருளைத் தோளில் போட்டுவிட்டான். காக்கா துவக்கை நீட்டினார்.

"தம்பி, இது பழைய சாமான். எங்க போய்ப் படும் எண்டு எனக்கே தெரியா. அசையாம நில்லுங்க."

அவன் சிலையாகிவிட்டான். பொலிஸ் வரச் சுணங்கியது. வெயிலில் அவன் வாடுவதைப் பார்க்கக் காக்காவுக்கு மனம் கேட்கவில்லை. கதிரை கொண்டுவந்து போட்டார். பிறகு தன் சோற்றுப் பார்சலையும் அவன் முன்னால் விரித்தார்.

"மீனை நீங்க எடுங்க. எனக்கு ஒரு கை துவக்கில இரிக்கி, முள்ளெடுக்க ஏலாது."

போன வருடம் எங்கள் மேலதிகாரி, பழைய ஆயுதங்களைப் பற்றித் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். துவக்கு பழுதென்றால் அதைக் கொழும்புக்குக் கொண்டுபோவது, காக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வாசலில் கமரா பூட்டுவது என்று ஏற்பாடு. நாங்கள் வேலையைப் போட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டோம்.

வந்தவர் துவக்கை மடித்து, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"இதில தோட்டாவைத் தட்டுற ஊசியே இல்லை. இதை வச்சுக்கொண்டோ இவ்வளவு காலமும் காவல் காத்தனீங்கள்?"

"ஓம் சேர். வேலைக்கு வந்த முதல் நாளே நான்தான் கழட்டின. ஆருக்கும் பட்டுக்கிட்டுப் போனா என்ன செய்யிற?"

"அப்ப கள்ளன் வந்தா?"

"வந்தவன்தானே சேர். சாப்பிட்டிட்டுத்தான் பொலிசோட போனவன்."

மேலதிகாரி சிரித்த சிரிப்பில் கமராக் கதை அடிபட்டுப் போனது. துவக்கு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் வாசலிலேயே தங்கிவிட்டது, பக்கத்தில் காக்காவும். வருகிற கப்பற்காரருக்கெல்லாம் அதன் சரித்திரத்தைச் சொல்கிறார், ஆளுக்கொரு சரித்திரமாக.

அவர் லீவில் நிற்கிற நாட்களில், எத்தனை பூட்டுப் போட்டாலும் எங்களுக்கு வாசல் திறந்து கிடப்பது போலவே இருக்கும்.